நிழலைப் பிடித்துவைத்தல் : உடனடி நிழற்படமும் நம் வீட்டு முகங்களும்

மறைந்தவரையும் பிரிந்தவரையும் கண்முன் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் வேட்கை மனிதருக்குப் புதிதாக வந்ததன்று. வைகைப் பள்ளத்தாக்கில், ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட நடுகற்கள், கிறித்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ் பிராமி எழுத்தில் மாண்டவர்தம் பெயரைத் தாங்கி நிற்கின்றன. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் வெளிப்பட்ட பானையோடுகளில் ஆதன், குவிரன் என்றாற்போலப் பெயர்கள் கீறப்பட்டுள்ளன. அவர்கள் முடிசூடிய மன்னர்கள் அல்லர். தம் வீட்டுப் பானையில் தம் பெயரைக் கீறிக்கொண்ட குடிமக்கள் என்றே கொள்ளலாம். ஈராயிரம் ஆண்டுகள் கடந்தும் அவர்தம் பெயர் நமக்குக் கிடைத்தது. முகம் கிடைக்கவில்லை.

முகத்தையும் பிடித்துவைக்க இயலும் என்பது 1839ஆம் ஆண்டளவில்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதற்கான ஒளியியல் அடிப்படையை எண்ணூறு ஆண்டுகட்கு முன்னரே தெளிவுற ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். இருட்டறைச் சுவரில் ஒரு சிறு துளையிட்டு, அதன்வழிப் புகும் ஒளி எதிர்ச்சுவரில் வெளியுலகின் வடிவைத் தலைகீழாக வீழ்த்துவதை அவர் ஆராய்ந்தார். கிரகண காலத்தில் சூரியன் பிறைவடிவாக விழுவதற்குரிய காரணத்தையும் விளக்கினார். வீழ்ந்த வடிவம் ஒளி மறைந்ததும் மறைந்துபோயிற்று. அதனை மறையாமல் நிறுத்தும் வேதியியலே பின்னர் வந்தது.

இக்கலைக்குத் தமிழில் ஒன்றுக்கு மூன்றாகப் பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. ஒளிப்படம் என்பது மூலச்சொல்லின் பொருளைத் தழுவிய ஆக்கம். நிழற்படம் என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் நாம் நிழற்படம் என்பதையே விரும்பி ஆள்கிறோம். அதற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து நாட்டின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ, நிழற்படம் குறித்துத் தனி நூலே எழுதினார். கையால் வரைவதும் வடிப்பதும் வேறு, கருவிகொண்டு ஒளியின் வழியே பதிப்பது வேறு என்று பிரித்துக்காட்டி, பின்னதனை ‘நிழலைப் பிடித்துவைத்தல்’ என்னும் பொருள்படும் அரபுத் தொடரால் குறித்தார். கெய்ரோ அறிஞர் தேர்ந்த தொடரும் தமிழர் ஆக்கிக்கொண்ட சொல்லும் ஒரே கருத்தில் வந்து நிற்பது நம் தமிழ்த்துறை மாணவர்கள் சுவைக்கத்தக்கது. இப்பொருளில் உலமாக்களிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. அதனைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் பணியன்று.

மதுரை முதன்முதல் படமான கதை

மதுரையை முறையாகப் படமெடுத்த முன்னோடி கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படைத்துறையினர். சென்னை மாகாண அரசின் நிழற்படக் கலைஞராக அமர்த்தப்பெற்ற அவர், 1858ஆம் ஆண்டு மதுரைக் காட்சிகளை நான்கு பகுதிகளாக வெளியிட்டார். மெழுகேற்றிய தாளில் மறிநிலைப் படம் எடுக்கும் முறை அவருடையது. மீனாட்சியம்மன் கோயில், புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை, தெப்பக்குளம், வைகையாற்றுத் தரைப்பாலம் ஆகியன அப்படங்களில் உள்ளன. பிளாக்பர்ன் என்னும் ஆட்சியரின் நினைவாக எழுப்பப்பட்ட தூணையும் அவர் படமெடுத்தார். நாம் நாள்தோறும் கடந்துசெல்லும் விளக்குத்தூண் அதுவே.

இப்படங்களைப் பார்ப்போர் ஒன்றை உடனே உணர்வர். ஊர் இருக்கிறது, ஊரார் அரிதாகவே இருக்கின்றனர். ஒளி பதிய நெடுநேரம் வேண்டியிருந்தமையின், நடந்துசென்றவர்கள் தாளில் தங்கவில்லை. தூண்கள் அசையாமல் நின்றன, ஆகவே தூண்கள் பதிந்தன. புதுமண்டபத்தைப் பின்னாளில் கண்டவர்க்கு அத்தூண்களைவிட அவற்றினிடையே வரிசையாய் அமர்ந்து தையல் இயந்திரம் மிதித்தவர்களே முதலில் நினைவுக்கு வருவர். சமயம் கடந்து அங்கே தொழில் செய்தவர் பலர். அக்கடைகள் அண்மை ஆண்டுகளில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. கல்மண்டபத்தின் படங்கள் உலக அருங்காட்சியகங்களில் உள்ளன. அங்கே நாற்பது ஆண்டுகள் துணி தைத்த ஒருவரின் படம் அவர் வீட்டில் இருந்தால்தான் உண்டு.

கூடங்களும் குடும்பங்களும்

குடும்பப் படத்தைத் தமிழகத்துக்கு வழங்கியவை நிழற்படக் கூடங்கள். திருமணம், பூப்புநீராட்டு, குழந்தையின் முதல் ஆண்டு, வெளிநாட்டுப் பயணம் எனும் காலங்களில் மக்கள் கூடத்தை நாடினர். பின்னே தீட்டிய திரை, ஒரு நாற்காலி, ஒரு பூச்சாடி, விறைத்து நிற்கும் தந்தை. பூச்சூடிய சடை தெரியப் பின்னால் கண்ணாடி வைத்து எடுக்கப்பட்ட சிறுமி. இவை நாம் அனைவரும் அறிந்த காட்சிகள். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து அமர்த்தி உறவினர் சூழ எடுத்த படங்களும் உண்டு. வாழ்நாளில் அவர்க்கு எடுக்கப்பெற்ற ஒரே படம் அதுவாக இருந்திருக்கலாம் என்பதை எண்ணினால், அவ்வழக்கத்தை இன்று எள்ளி நகையாட மனம் வராது.

இக்கூடங்களின் செல்வத்தைக் காக்கும் முயற்சி பிந்தியேனும் தொடங்கியது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணக் காப்புத் திட்டத்தின் துணையோடு, தமிழகத்துப் பழைய நிழற்படக் கூடங்களைத் தேடிச்சென்று அங்குள்ள படங்களை எண்முறைப் படியாக்கினர். ஸோயி ஹெட்லியும் இரமேஷ்குமாரும் இப்பணியில் முன்நின்றவர்கள். எனினும் காலம் கடந்துவிட்டது என்பதே உண்மை. கண்ணாடித் தகடுகள் உடைந்தன. மறிநிலைப் படங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டன. வெள்ளிச் சத்துக்காக எடைக்குப் போடப்பட்டனவும் உண்டு.

கூடத்துப் படங்களில் மற்றொரு குறையும் காண்கிறோம். அவற்றில் உள்ளது விழா வாழ்வே. அன்றாட வாழ்வு இல்லை. அம்மியில் அரைக்கும் தாய், திண்ணையில் முகச்சவரம் செய்துகொள்ளும் தந்தை, சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் பெண்ணின் நகக்கண், மாட்டுத்தாவணியில் விடியுமுன் மூட்டை இறக்குபவர் ஆகியோர் கூடத்துக்கு அவ்வேடத்தில் போனவர் அல்லர். போனபோது கடன் வாங்கிய கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போயினர்.

நம் சமுதாய வீடுகளின் நிலையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சுவரில் முன்னோர் படம் மாட்டுவது நம்மிடையே பரவலான வழக்கமன்று. கஅபாவின் படமோ, அரபு எழுத்தணியோ அவ்விடத்தை நிரப்பும். மண்ணறையின் தலைமாட்டிலும் மீசான் கல்லோடு அமைந்துவிடுகிறோம். இதனால் பெரியோர் பலரின் முகத்துக்கு ஒரே சான்றாக எஞ்சியிருப்பது ஹஜ் பயணத்துக்காக எடுத்த கடவுச்சீட்டுப் படமே. பெண்களுக்கோ அதுவும் வாய்க்கவில்லை. 1993ஆம் ஆண்டு டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது வாக்காளர்க்குப் படத்தோடு கூடிய அடையாள அட்டை வழங்க ஆணை பிறந்தது. அவ்வட்டையின் மங்கிய படத்தைப் பெரிதாக்கித்தான் பல வீடுகளில் நன்னிமாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகள் கண்டனர். இது இசுலாமியர்க்கு மட்டும் உரிய நிலையன்று. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் எளியோர் வீடுகளில் மாலையிட்டுத் தொங்கும் படங்களைக் கூர்ந்து நோக்குக. அவற்றுள் எத்தனை ஓர் அரசு அட்டையிலிருந்து பிறந்தவை என்பது அம்முகங்களின் திகைத்த பார்வையிலேயே தெரியும்.

ஒரு சிறுமியின் வினா

இவ்விடத்தில்தான் உடனடி நிழற்படம் நம் கவனத்துக்கு உரியதாகிறது.

அமெரிக்க அறிவியலாளர் எட்வின் லேண்டு 1943ஆம் ஆண்டு சாண்டா ஃபே என்னும் ஊரில் தம் மூன்று வயது மகளைப் படமெடுத்தார். எடுத்த படத்தை இப்போதே ஏன் பார்க்க முடியாது என்று அக்குழந்தை கேட்டது. இருட்டறை, கழுவுதொட்டி, உலர்த்துகயிறு ஆகிய அனைத்தையும் ஒரு தாளுக்குள் அடக்கிவிட வேண்டும் என்று தந்தை எண்ணத் தலைப்பட்டார். 1947 பிப்ரவரி 21 அன்று நியூயார்க்கில் ஒளியியல் அறிஞர் கூட்டத்தில் தம் முறையைச் செய்துகாட்டினார். 1948 நவம்பர் 26 அன்று போஸ்டன் நகர அங்காடி ஒன்றில் முதற் கருவிகள் விற்பனைக்கு வந்து அன்றே தீர்ந்துபோயின. போலராய்டு என்னும் அவர்தம் நிறுவனப் பெயர் பின்னர் அப்பொருளுக்கே பெயராயிற்று. தொடக்க காலப் படங்களைத் தாளினின்று உரித்தெடுக்க வேண்டும். உரிக்க வேண்டாத, தானே வெளிவந்து கண்முன் மலரும் வண்ணப்படம் 1972இல் எஸ்எக்ஸ்-70 என்னும் மடிப்புக் கருவியோடு வந்தது.

அது மலரும் வகை வியப்புக்குரியது. கையில் ஓர் அட்டைத்துண்டு போலத் தோன்றும் அப்படத்தாளினுள் பத்துக்கும் மேற்பட்ட மெல்லிய படலங்கள் அடுக்கப்பட்டுள்ளன. நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளுக்குத் தனித்தனியே உணர்வுகொள்ளும் வெள்ளி உப்புப் படலங்கள் மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் முறையே மஞ்சள், செந்நீலம், பசுநீலம் ஆகிய சாயங்கள். படத்தின் கீழ்ப்புற வெள்ளை விளிம்பு ஏனைய மூன்று புறங்களையும்விட அகன்றிருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அஃது அழகுக்காக அமைந்ததன்று. காரக் குழம்பு நிரம்பிய சிறு பை அங்கேதான் உள்ளது. படம் கருவியிலிருந்து வெளிவருகையில் இரண்டு உருளைகள் அப்பையை நசுக்கிக் குழம்பைப் படலங்களினிடையே சீராகப் பரப்புகின்றன. ஒளிபட்ட இடத்தில் சாயம் கட்டுண்டு நின்றுவிடும். ஒளிபடாத இடத்துச் சாயமோ விடுபட்டு மேலேறிக் காட்சிப் படலத்தை அடையும். குழம்பிலுள்ள வெண்ணிறப் பொடி படத்துக்கு வெள்ளைப் பின்புலமாகிறது. வெளிச்சத்தில் வெளிவந்த படம் கெடாதிருக்க, அக்குழம்பிலேயே ஒளியைத் தடுக்கும் நிறப்பொருள் ஒன்றும் உண்டு. காரம் தணியத் தணிய அந்நிறம் தானே அகல்கிறது. நாம் காணும் அம்மெல்லிய விடியல் இவ்வாறு நிகழ்வது.

படத்தை விசிறிபோல ஆட்டினால் விரைவில் தெளியும் என்பது பொய்ந்நம்பிக்கை. உரித்தெடுக்கும் பழைய தாளின் ஈரம் உலர ஆட்டிய வழக்கம் இது. இன்றைய தாளில் அவ்வாறு ஆட்டினால் படலங்கள் பிரியக்கூடும்.

போலராய்டு நிறுவனம் 2001இல் நொடித்தது. 2008இல் உடனடிப் படத்தாள் ஆக்கத்தை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரத்து ஆலை மூடப்படவிருந்த நிலையில், அங்குப் பணியாற்றிய சிலரும் ஆர்வலரும் கூடி அதன் இயந்திரங்களைக் காத்தனர். வேண்டிய வேதிப்பொருள்கள் பலவும் கிடைக்காமற்போனமையின் ஏறத்தாழப் புதிதாகவே வாய்பாட்டை உருவாக்கி, 2010இல் மீண்டும் தாள் விற்றனர். 2020 முதல் அந்நிறுவனம் போலராய்டு என்னும் பழம்பெயரையே தாங்குகிறது. இதற்கிடையே சப்பானிய ஃபியூஜி நிறுவனம் 1998இல் இன்ஸ்டாக்ஸ் என்னும் சிறு படத்தாளைக் கொணர்ந்தது. இன்று நம் நகரத்துக் கடைகளில் இளைஞர் கேட்டு வாங்குவது இதனையே. வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, சிங்கப்பூருக்கும் சென்று திரும்பியோர் அக்காலத்தில் கொண்டுவந்த போலராய்டு கருவிகள், பெட்டியோடு வந்த தாள் தீர்ந்தபின் அலமாரியில் உறங்கின. தாள் இங்கே எளிதில் கிடைக்காததே காரணம்.

நாளுக்கொரு படம்

அன்றாட வாழ்வை உடனடிப் படத்தால் பதிவுசெய்தவர்களுள் தலையாயவராக நாம் கருதுவது நியூயார்க்கில் வாழ்ந்த ஜேமி லிவிங்ஸ்டன் என்பவரை. கல்லூரி மாணவராக இருந்த அவர், 1979 மார்ச் 31 அன்று எஸ்எக்ஸ்-70 கருவியால் ஒரு படம் எடுத்தார். அன்று தொடங்கி நாளுக்கு ஒரே படம் என்னும் நியதியை மேற்கொண்டார். ஒரு காட்சி தவறினால் மறுபடம் எடுப்பதில்லை. நண்பர்கள், உணவு மேசை, விளையாட்டு, தொலைக்காட்சித் திரை, மழை பெய்த தெரு என எது அந்நாளின் படமாக அமைந்ததோ அதுவே அந்நாளுக்குரியது. பதினெட்டு ஆண்டுகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. மூளையில் கட்டி கண்டு மருத்துவமனையில் கிடந்த நாட்களும், அந்நோயினூடே நிகழ்ந்த திருமணமும் அவ்வரிசையில் உள்ளன. 1997 அக்டோபர் 25 அன்று, தம் நாற்பத்தொன்றாம் பிறந்தநாளில் அவர் காலமானார். வரிசையும் அன்றோடு முடிந்தது. நண்பர்கள் அவற்றைத் தொகுத்து 2007இல் அவர் பயின்ற கல்லூரியிலேயே காட்சிக்கு வைத்தனர்.

தனித்தனியே எடுத்துப் பார்த்தால் அப்படங்களுட் பல கலைத்திறம் வாய்ந்தவை அல்ல. சில மங்கலானவை; சில எதைக் காட்டுகின்றன என்பதே புரியாதவை. எனினும் அடுத்தடுத்துப் பார்த்துவரும்போது ஒரு வாழ்வு கண்முன் மூத்து முடிகிறது. அதே காலப்பகுதியில் உருசியத் திரைப்பட இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியும் தம் நாட்டுப்புற வீட்டையும் மனைவி மக்களையும் போலராய்டால் எடுத்துவைத்தார். அவை மிக அழகியவை. ஆயினும் வீட்டில் படமெடுக்கும் நம் மாணவர்க்கு லிவிங்ஸ்டனே ஏற்ற வழிகாட்டி என்போம். அழகான கணத்துக்குக் காத்திருப்பவர் ஆண்டுக்கு நான்கு படம் எடுப்பர். நியதி கொண்டவர்க்கு அக்கவலை இல்லை.

மூன்றாமவர் காணாப் படம்

உடனடிப் படத்துக்கு மறிநிலைத் தகடு இல்லை. எடுத்தவர், எடுக்கப்பட்டவர் ஆகிய இருவரையன்றி மூன்றாமவர் ஒருவர் அதனைக் கழுவவும் வேண்டா, அச்சிடவும் வேண்டா. இதன் பெறுமானத்தை நம் வீட்டுப் பெண்கள் நன்குணர்வர். பிலிம் சுருளைக் கூடத்தில் கொடுத்தால் முன்பின் அறியாத ஆடவர் பலர் அதனைக் காண்பர், படி ஒன்று அவரிடமே தங்கிவிடவும் கூடும் என்ற தயக்கமே பல பெண்களைப் படத்திலிருந்து விலக்கிவைத்தது. கைப்பேசி வந்தபின் அத்தயக்கம் தீர்ந்ததா எனில் இல்லை, மிகுந்தது. ஒரு விரலசைவில் படம் எங்கெங்கோ போய்விடுகிறது. உடனடிப் படமோ கையில் உள்ள ஒன்றே. எடுக்கப்பட்டவர் விரும்பாவிடில் அப்போதே வாங்கிக் கிழித்துவிடலாம். ஆகவே படத்தின்மீதுள்ள உரிமை படத்திலுள்ளவர் கைக்கே வருகிறது. பெரியோர் இக்கோணத்திலும் இதனைச் சிந்திக்க வேண்டுகிறோம்.

ஆயினும் எந்தக் கருவியும் தானே நன்மை ஆகிவிடாது. இதே உடனடிப் படமுறை தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் கட்டாயமாகச் சுமந்து திரிந்த அனுமதிச் சீட்டுகளுக்குப் படமெடுக்கப் பயன்பட்டது. அதனைக் கண்டறிந்த கரோலின் ஹண்டர், கென் வில்லியம்ஸ் என்னும் இரு போலராய்டு ஊழியர்கள் 1970இல் தம் நிறுவனத்துக்கு எதிராகவே கிளர்ச்சி தொடங்கினர். 1977இல் அந்நிறுவனம் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. தாளும் வேதிப்பொருளும் ஒன்றே. யார் கேட்டு எடுத்தது, எடுத்தபின் யார் கையில் இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பழனிக்குமார் காட்டும் பாதை

நம் மண்ணிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொல்லலாம். மதுரை மாவட்டத்து ஜவஹர்லால்புரத்தில் பிறந்த மு. பழனிக்குமார், மீன் விற்றுக் குடும்பம் காத்த தம் தாயைப் படமெடுத்தவர். பொழுது புலருமுன் சந்தைக்குச் சென்று, மீன் வாங்கி, சுமந்து விற்றுவரும் அவ்வுழைப்பை அவர் ஒரு மகனின் கண்கொண்டு பதிவுசெய்தார். பொறியியல் பயின்ற அவர், பின்னர் உழைக்கும் பெண்கள், துப்புரவுத் தொழிலாளர், கடற்பாசி எடுப்போர் ஆகியோர்தம் வாழ்வைப் படமாக்கினார். திவ்யபாரதி இயக்கிய ‘கக்கூஸ்’ என்னும் 2017ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் இவரே. பி. சாய்நாத் 2014இல் நிறுவிய பாரி என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தில் இணைந்து பணியாற்றிவரும் இவர்க்கு, தயானிதா சிங் – பாரி ஆவண நிழற்பட விருது 2022இல் முதன்முதலாக வழங்கப்பட்டது.

அவர் கையாள்வது உடனடிப் படக்கருவி அன்று, எண்முறைக் கருவியே. ஆயினும் நம் பொருளுக்கு வேண்டிய செய்தி அவரிடம் உண்டு. தாயின் படத்தில் தாய் கடன் வாங்கிய கடிகாரம் அணிந்து நிற்கவில்லை. உழைக்கிறார். 1858இல் தூண்களைப் பதிந்த மதுரைப் படக்கலை, மீன்கூடையைச் சுமந்த ஒரு தாயின் முகத்துக்கு வந்துசேர ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அதுவும் மகன் எடுத்தமையால் வந்தது.

நம் வெயிலில் படமெடுத்தல்

இனி, எடுக்க விழையும் மாணவர்க்குச் சில செய்திகள். உடனடிப் படத்தாள் குளிர்நாட்டார் ஆக்கிய பொருள். போலராய்டு தாள் 13 முதல் 28 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்தில்தான் நன்கு தெளியும் என்று அதன் ஆக்குநரே கூறுகின்றனர். மதுரைச் சித்திரை வெயில் 38 பாகையைக் கடப்பது எளிது. வெப்பம் மிகுந்தால் படம் மஞ்சளும் செம்மையும் பூசிக்கொள்ளும். குளிர்ந்தால் நீலம் பாரிக்கும். இன்ஸ்டாக்ஸ் தாள் 40 பாகை வரை தாங்குவதாகச் சொல்லப்படுவதால் நம் சமவெளிக்கு அதுவே ஏற்றது. தாளைக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம், உறைநிலை அறையில் வைக்கலாகாது. பயன்படுத்துவதற்கு ஒரு மணிநேரம் முன்னரே வெளியே எடுத்துவிடுக. நண்பகலைத் தவிர்த்து அஸருக்குப் பிந்திய வெளிச்சத்தில் எடுத்தால் முகம் கருகாமல் வரும். படம் வெளிவந்தவுடன் கவிழ்த்து நிழலில் வைத்தல் வேண்டும். இன்ஸ்டாக்ஸ் ஒன்றரை நிமிடத்தில் தெளியும். போலராய்டு வண்ணப்படத்துக்குக் கால்மணி நேரம் வரை பொறுத்திருக்க வேண்டும்.

இன்ஸ்டாக்ஸ் பெட்டியில் பத்துத் தாள். போலராய்டு பெட்டியில் எட்டு. ஒரு தாளின் விலை பல தேநீர்களின் விலை. இதனைக் குறையாகச் சொல்வோர் உளர்; நாம் அவ்வாறு கருதவில்லை. கைப்பேசியில் ஐயாயிரம் படம் வைத்திருந்து, அக்கருவி நீரில் விழுந்த அன்று அனைத்தையும் இழந்தவர்களை நாம் அறிவோம். பத்துத் தாள்தான் உண்டு என்னும்போது யாரை எடுப்பது, எந்நிலையில் எடுப்பது என்று ஒருவர் எண்ணிப்பார்க்கிறார். பெருநாள் அன்று புத்தாடையில் ஒன்று எடுப்போர், அதற்கு முந்திய நாள் அத்தா கடையடைத்துவிட்டு வந்து மாவுக்கையோடு நோன்பு திறக்கும்போது ஒன்று எடுக்கட்டும். முன்னது எல்லார் வீட்டிலும் இருக்கும்.

ஊர்ப்புறம் சென்று எடுப்போர்க்கு ஒரு சொல். எடுத்த படத்தை முதலில் அவரிடமே கொடுத்துவிடுக. அடுத்த படத்தை உமக்காக எடுத்துக்கொள்க. அனுப்பிவைப்பதாகச் சொல்லிப் படமெடுத்துச் சென்றவர்கள் பலர், அனுப்பியவர் சிலர் என்பது சிற்றூர்களில் முதியோர் கூறும் முறையீடு. உடனடிப் படத்தில் அதற்கு இடமில்லை.

காத்தல் பற்றியும் கூறவேண்டும். ஒரே படி என்பதே இதன் சிறப்பு. அதுவே இதன் ஆபத்தும். வெயில் படும் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் சாயம் வெளிறும். ஒட்டும் பசையுள்ள பழைய வகைத் தொகுப்பேடுகளில் வைத்தால் ஒட்டிக்கொண்டு பின்னர் கிழியும். பிளாத்திக்கு மேலுறையிட்டுச் சூடேற்றி ஒட்டவே கூடாது. எடுத்த சில நாட்கள் காற்றாட வைத்து ஈரம் போக்கிய பின்னர்த் தாளுறையிலிட்டு, காய்ந்த பெட்டியில் இருளில் வைப்பது நன்று. ஐப்பசி கார்த்திகையில் பெட்டியைத் திறந்து இராமபாணப் பூச்சி உண்டா என்று பார்த்துக்கொள்க. எடுத்த வாரத்திலேயே எண்முறைப் படி ஒன்றும் எடுத்துவைக்கலாம். பெண்கள் படமாயின் அவர்தம் இசைவைக் கேட்டே அதனைச் செய்க.

வெள்ளை விளிம்பில் பெயர் எழுதும் வழக்கம் நல்லதே. ஆனால் பலரும் எழுதுவது உறவுப்பெயர் மட்டுமே. நன்னிமா என்றும் பெரியத்தா என்றும் எழுதினால் எழுதியவர் இருக்கும்வரை விளங்கும். யாருடைய நன்னிமா, எந்தத் தெரு, எந்த ஆண்டு என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. காஜிமார் தெருவில் எடுத்ததா, மேலூரில் எடுத்ததா என்று கேட்க அன்று ஆளிராது. ஆகவே முழுப்பெயர், தகப்பனார் பெயர், இடம், நாள், அப்போது அவர் செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றை அழியா மையால் விளிம்பில் எழுதுக. இடம் போதாவிடில் உறைமேல் எழுதுக. வழவழப்பான தாளில் மை உலரச் சில நிமிடங்கள் ஆகும். அதற்குப் பின்னரே உறையிலிடல் வேண்டும்.